அட்டாலியில் கிடந்த ரெக்கார்டு பிளேயர்

கேள்வி: ஐயா, வணக்கமுங்க. எங்கள் அப்பச்சி வைத்திருந்த நாலு ஸ்பீடு ரெக்கார்டு பிளேயர் இருபது வருஷத்துக்கு மேல் அட்டாலியில் கிடந்தது. போன வாரம் இறக்கி பிளக்கைச் சொருகினேன். மோட்டார் உறுமுகிறது, தட்டு சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் நாலு சுற்று இழுத்துக்கொண்டு போய் நின்றுவிடுகிறது. மோட்டார் போய்விட்டது, ஷோகேஸில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மெக்கானிக். தேறுமா?
- ஒரு வாசகி, கவுந்தப்பாடி

பதில்: தேறும் அம்மிணி, ஷோகேஸுக்கு அனுப்பிவிடாதீர்கள். உறுமல் கேட்கிறது, கரிந்த வாடை இல்லை என்றால் பெரும்பாலும் காயிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சுற்றாத மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் சூடேறி நிஜமாகவே எரிந்துபோகும். முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கோளாறு கிரீஸில்தான் இருக்கும். ஆலைக் கொப்பரை விளிம்பில் ஒட்டிய பாகு மறுநாள் எப்படி இறுகிக் கிடக்கும் என்று கவுந்தப்பாடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கிரீஸும் அப்படித்தான். ரப்பர் விரிப்பை எடுத்து, நடுத்தண்டில் லாக் இருந்தால் நெம்பி எடுத்துவிட்டு, தட்டை நேராக மேலே தூக்குங்கள். தண்டைச் சுற்றிப் பழுப்பு மெழுகு போல ஒன்று தெரியும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதைத் துடைத்தெடுங்கள், ரப்பரில் மட்டும் படக்கூடாது. அப்புறம் தண்டுக்கும், மோட்டாரின் மேல் கீழ் பேரிங்குகளுக்கும் தையல் மிஷின் எண்ணெய் இரண்டிரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

தட்டுக்கு அடியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்று இருக்கும். மோட்டார் தண்டில் நிமிஷத்துக்கு 16, 33⅓, 45, 78 சுற்று என்று வேகத்துக்கு ஒரு படி. எந்தப் படியில் சக்கரம் உரசுகிறதோ அந்த வேகத்தில் தட்டு சுற்றும். ரப்பர் கண்ணாடி போல மினுங்கினால் பிடிக்காமல் வழுக்கும். நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடையுங்கள். நான் கோபிப் பக்கம் ரேடியோ செட் கட்டிய காலத்தில், ஒரு நோம்பி முடிந்து 33-இல் போட்டபடியே பிளேயரைப் பெட்டியில் வைத்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்தால் பாட்டுக்கு நடுவே 'டொக் டொக்' என்று ஒரே இடி. இரும்புத் தண்டு அழுத்தி ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பள்ளம் ஆழமானால் உப்புத்தாள் உதவாது, சக்கரத்துக்குப் புது ரப்பர் போட வேண்டும்.

வயரையும் பாருங்கள். உறை வெடித்திருந்தால் மாற்றிவிட்டு, முதல் தடவை நூறு வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே பிளேயருக்குப் போகும்படி போட்டுக் கரண்ட் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே ஷார்ட். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் தட்டு விளிம்பில் காகிதத் துண்டு ஒட்டி, 33-இல் வைத்து எண்ணுங்கள். மூன்று நிமிஷத்துக்குச் சரியாக 100 சுற்று வர வேண்டும்.

முள்ளைக் கடைசியில் பாருங்கள். திருப்பிப் போடுகிற முள்ளாக இருந்தால் ஒரு பக்கம் 78 தட்டுகளுக்கு, மறுபக்கம் 33-இல் சுற்றும் எல்பி தட்டுகளுக்கு. 78-க்கான தடித்த முனையை எல்பியில் வைத்தால் பள்ளத்தையே உழுதுவிடும். அப்பச்சியின் 78 தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள் அம்மிணி, அவை அரக்கால் ஆனவை, கரைந்துபோகும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.