அம்மாவுக்கு மார்பின் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. கீமோதெரபி நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் ‘பாலியேட்டிவ் கேர்’ பிரிவுக்கு அனுப்பி, மார்பின் என்ற வலிநிவாரணி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். “கைவிட்டுவிட்டார்கள்” என்று அத்தை அழுகிறார். மாத்திரையைத் தொடங்கவே பயமாக இருக்கிறது.
– வாசகி, பெரம்பூர்

பதில்: அந்தப் பிரிவின் வாசல் வரை வந்துவிட்டு, இதே அச்சத்தால் திரும்பிப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டு நோயாளிகள் வீணாக வலி பொறுத்தார்கள் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. ‘பாலியேட்டிவ் கேர்’ எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை கீமோதெரபியோடு சேர்ந்தே நடக்கக்கூடியது. வலி, வாந்தி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகியவற்றைக் கவனிப்பதும், பார்த்துக்கொள்ளும் உங்களைத் தாங்குவதும் அதன் வேலை. முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே இதையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்கள் சற்றுக் கூடுதல் காலம் வாழவும் செய்தார்கள். எல்லாப் புற்றுநோய்க்கும் அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், இது கைவிடுதல் என்ற எண்ணத்தை விடுவதற்கு அதுவே போதும்.

அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பினுக்கு வருகிறேன். புற்றுநோய் வலிக்காக மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்பவர் அதற்கு அடிமையாவது அரிது. அதனால் ஆயுள் குறையும் என்பதும் தவறான நம்பிக்கை. நோயாளிகளுக்கு இது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. சாதாரண மார்பின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நிற்கும் என்பதால், வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்காமல், எழுதிக் கொடுத்த நேரப்படி கொடுங்கள். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கலாம்; பெரும்பாலும் தானாகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். எழுப்பினாலும் விழிக்காத அளவு மயக்கமோ மூச்சு மந்தமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

அம்மா நடமாட முடியாத நிலை வந்தால், 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு; உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

“வலிக்கிறதா?” என்று கேட்டால், உங்களை வருத்த மனமில்லாமல், “பரவாயில்லை கண்ணு” என்றுதான் அம்மா சொல்வார். இரவில் எத்தனை முறை விழித்தார், புரண்டு படுக்கும்போது முகம் சுளித்தாரா, மாத்திரை கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து அசந்து தூங்கினார் என்பதையெல்லாம் நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.