கப்பலேறிய பாட்டனைத் தேடி: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் நத்தாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களைப் பன்னிரண்டு வருடமாகப் புரட்டிக்கொண்டிருப்பவன் என்ற ஒரே தகுதியில் உட்கார்ந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்கா என்றால் நீளமாகப் பேசுவேன், மற்ற நாடுகளுக்குத் திசை காட்டுவதோடு சரி.

கேள்வி (டர்பன்): என் கொள்ளுத்தாத்தா சின்னசாமி 1890 வாக்கில் வந்தார் என்பார்கள். அவருடைய சொந்த ஊர் எது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் 'சின்னசாமி'யை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நத்தாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பலேறியவர்கள். அதில் எத்தனை சின்னசாமி இருப்பார்கள், நீங்களே யோசியுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். நீங்கள் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான். அது பட்டியலோடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த விடுவிப்புச் சீட்டு, குடியேறிய இந்தியர்களைக் கவனித்த பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்த திருமணம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று என்று பின்தொடர்ந்து வந்திருக்கிறது. அதனால் கொள்ளுத்தாத்தாவிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் அப்பாவின் பிறப்புச் சான்றை எடுங்கள், அப்புறம் தாத்தாவுடையது. பழைய சான்றுகளில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண் கிறுக்கியிருந்தால் அது நீங்கள் தேடுகிற எண்ணாக இருக்கலாம்.

எண் கிடைத்தால் பட்டியலில் அவருடைய வரியைப் பிடித்துவிடலாம். கப்பல், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலில் உள்ள அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் அதில் இருக்கும். 'இடது முழங்காலில் தழும்பு' என்று படிக்கும்போது பெரிய பெரிய ஆட்களே அழுது பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். 'வாண்டிவாஷ்' என்றால் வந்தவாசி. வட ஆர்க்காடு ஜில்லா, சித்தூர் தாலுகா என்றிருந்தால் இன்று அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். சேலம் ஜில்லா என்றால் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். ஆட்பெயரும் அப்படித்தான், சின்னசாமியை 'சி' எழுத்திலும் தேடுங்கள், 'எஸ்' எழுத்திலும் தேடுங்கள்.

தாலுகாவைப் பார்க்காமல் பஸ் ஏறாதீர்கள். நான் ஒருமுறை ஒரு குடும்பத்தைத் தவறான புதூருக்கு அழைத்துப் போய், அம்மனுக்குப் புடவை சாத்தி, பொங்கல் வைத்து, ஊர்ப் பெரியவர் கட்டிப்பிடித்து அழுது, எல்லாம் முடிந்த பிறகுதான் தாலுகா வேறு என்று கவனித்தேன்.

கேள்வி: நாங்கள் ட்ரூரோ கப்பலில் வந்தவர்கள். அதை எப்படி உறுதி செய்வது?

பதில்: ஒப்பந்தக் கூலிகளோடு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நின்ற முதல் கப்பல் ட்ரூரோ. அதில் வந்தவர்கள் 342 பேர். அதில் வந்ததாக என்னிடம் சொன்ன குடும்பங்களை ஏற்றினால் கப்பல் சென்னை துறைமுகத்திலேயே மூழ்கியிருக்கும். எண்ணைப் பாருங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): தாத்தா பெயர் முனிசாமி. வேறு விவரம் இல்லை.

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (பினாங்கு): எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். கப்பல் பட்டியல் எங்கே கிடைக்கும்?

பதில்: மலாயாவுக்குப் பெரும்பாலும் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி மூலம்தான் ஆள் போனார்கள். நத்தால் போல ஆளுக்கொரு வரி எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கங்காணி தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் பிடித்தார். அதே தோட்டத்தில் இருந்த மற்ற குடும்பங்களின் ஊரைக் கேளுங்கள், உங்கள் ஊரும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

கேள்வி (ஜொஹன்னஸ்பர்க்): எங்கள் குடும்பப் பெயர் கவுண்டர், இங்கே 'கவெண்டர்' என்று எழுதுவோம். அப்படியானால் கோயம்புத்தூர்தானே? பட்டியலில் வட ஆர்க்காடு, வன்னியர் என்று இருக்கிறது. எழுதியவர் பிழை செய்திருக்கிறார்.

பதில்: பிழை இல்லை. ஆர்க்காட்டுப் பக்கம் வன்னியர்களும் கவுண்டர் என்று போட்டுக்கொள்வார்கள். பட்டத்தை வைத்து ஊரைத் தீர்மானிக்காதீர்கள்.

அதே நபர்: நூறு வருடமாக எங்கள் கல்யாணப் பத்திரிகையில் கோயம்புத்தூர் என்றுதான் போடுகிறோம். பெரியவர்கள் பொய் சொன்னார்களா?

பதில்: பொய் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் கப்பலேறிய காலத்தது, பத்திரிகை அதற்கு அப்புறம் அச்சடித்தது. எது முந்தியதோ அதற்கு என் ஓட்டு.

வேறொருவர்: ஐயா, எழுதியவர் மட்டும் ஒழுங்கா? ஆள் பிடித்த தரகன் என்ன சொன்னானோ அதைத்தானே எழுதினார்கள்? சாதிக் கட்டத்தை நம்புங்கள் என்கிறீர்களா?

பதில்: நல்ல கேள்வி. இல்லை, கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். சாதியை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு. அக்கரை போய் இறங்கிய பிறகு முதலியார், பிள்ளை என்று பட்டம் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஊரில் தெருவுக்குள் விடாதவர்களிடமிருந்து ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்தவன் ஏன் பழைய பெயரைச் சுமக்க வேண்டும்? நானாக இருந்தாலும் மாற்றியிருப்பேன். ஆனால் ஜில்லா, தாலுகா, தகப்பன் பெயர் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் அந்த வரி உங்களுடையதுதான். சாதிக் கட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக வரியையே தூக்கிப் போடாதீர்கள்.

அதே நபர் (ஜொஹன்னஸ்பர்க்): வரியைத் தூக்கிப் போடவில்லை. சாதியை மட்டும் திருத்திக் கொடுங்கள் என்கிறேன்.

பதில்: நீங்கள் தேடுவது ஆளையா, சாதியையா? ஆள் என்றால் உதவுகிறேன். இதைப் பற்றி இனிமேல் பதில் இல்லை.

கேள்வி: முனிசாமி, 1900க்கு முன்னால்...

பதில்: இன்று மூன்றாவது முனிசாமி. முதல் பதில்.

கேள்வி (குவாதலூப்பில் பிறந்து பாரிஸில் வசிப்பவர்): எங்கள் பக்கம் ஆவணம் உண்டா?

பதில்: உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை ஒழுங்காக வைத்தவர்கள். குவாதலூப், மார்த்தினிக், ரீயூனியன் மட்டுமல்ல, புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காப்பகத்தின் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே தனி ஆளின் பெயரே பரம்பரைக் குடும்பப் பெயராகிவிட்டது. உங்கள் 'மூத்துசாமி' ஒரு காலத்தில் வெறும் முத்துசாமி.

கேள்வி (சுவா): ஃபிஜி?

பதில்: சென்னையிலிருந்து ஃபிஜிக்குக் கப்பல் போனது 1903 முதல் 1916 வரைதான், ஆகவே தேடும் பரப்பு சிறியது. குடியேற்றச் சீட்டுகள் உங்கள் ஊர்த் தேசிய ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. எழுந்து போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) இந்தப் பட்டியல் போதுமா?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: ஒரு வம்சாவளித் தளத்தில் எங்கள் குடும்ப மரம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: யாரோ ஊகித்ததை இன்னொருவர் நகலெடுத்து, அதை நாற்பது பேர் நகலெடுத்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (டர்பன், பெண்): பட்டியலில் கொள்ளுப்பாட்டி தனியாக, கைக்குழந்தையோடு வந்ததாக இருக்கிறது. கணவர் பெயர் இல்லை. வீட்டில் இதைப் பேசக் கூடாது என்கிறார்கள்.

பதில்: தனியாக வந்த பெண்கள் நிறைய. நூறு ஆணுக்கு இத்தனை பெண் என்று விதியே இருந்தது. விதவை, புருஷன் விட்டுப் போனவள், பஞ்சத்தில் அடிபட்டவள், எல்லோரும் அதில் உண்டு. குழந்தைக்கும் தனி எண் இருக்கும், அந்த வரியையும் எடுத்துவிடுங்கள். தகப்பன் பெயர்க் கட்டத்தில் அவளுடைய அப்பா இருப்பார். ஊரில் தேட வேண்டியது அவரைத்தான்.

சின்னசாமி கேட்டவர் மறுபடி: ஐயா, பாட்டி பெட்டியில் ஒரு மடித்த காகிதம் இருந்தது. ஐந்து இலக்க எண். கடைசி இலக்கம் மடிப்பில் தேய்ந்திருக்கிறது.

பதில்: படம் அனுப்புங்கள், பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல். அது ஒன்றா ஏழா என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்து வரிதானே, பத்தையும் பார்த்துவிடலாம்.