மூசாக்காவின் அடியில் தண்ணீர் கட்டுகிறதே, ஏன்?

பினாங்கு, பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"போன தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குப் புதிதாக ஏதாவது செய்யலாமே என்று கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கொத்திய ஆட்டிறைச்சி எல்லாம் அடுக்கி, மேலே வெள்ளை சாஸ் ஊற்றி ஓவனில் வைத்தேன். மேல்பக்கம் கருகிவிட்டது. வெட்டினால் அடுக்கெல்லாம் சரிந்து, அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர். உருளைக்கிழங்கு மட்டும் நறுக் நறுக்கென்று இருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, 'இது என்னம்மா, குழம்பா?' என்றார். என்னிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் ஓவன்தான். இந்த வருடம் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். முதல் நாளே செய்து வைக்க முடியுமா?"

முடியும். முதல் நாளே செய்வதுதான் நல்லது என்றும் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கிண்ணம் தண்ணீருக்கு வருவோம்.

நீங்கள் செய்தது கிரேக்கர்களின் மூசாக்கா. நம்மில் பலர் இதை பிரியாணி தம் போடுவதைப்போல நினைத்துவிடுகிறோம்: அரைவேக்காட்டில் அடுக்கி மூடிவிட்டால் மிச்சத்தை உள்ளே இருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும் என்று. பிரியாணியில் வரும் ஆவியை அரிசி குடித்துவிடும். இதில் குடிப்பதற்கு யாரும் இல்லை. கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர். தக்காளியும் அப்படித்தான். உறைந்த இறைச்சி இளகும்போது அதுவும் தன் பங்குக்கு விடும். மேலே வெள்ளை சாஸ் மூடிபோல உட்கார்ந்திருப்பதால் ஆவி வெளியே போக வழியில்லை, அடியில்தான் இறங்கும். அதனால் ஒவ்வொரு அடுக்கும் ஓவனுக்குள் போவதற்கு முன்பே முழுசாக வெந்து, தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். ஓவனின் வேலை எல்லாவற்றையும் ஒட்டவைத்து மேலே நிறம் ஏற்றுவது மட்டும்தான்.

பன்னிரண்டு பேருக்கு, மற்ற பலகாரங்களும் இருக்கும் என்ற கணக்கில், 1 கிலோ கொத்திய ஆட்டிறைச்சி, ஒன்றேகால் கிலோ கத்தரிக்காய், 800 கிராம் உருளைக்கிழங்கு போதும். 33க்கு 23 சென்டிமீட்டர் அகலத்தில், 6 சென்டிமீட்டராவது ஆழமுள்ள தட்டு வேண்டும். கடைக்குப் போகுமுன் உங்கள் ஓவனின் உள்ளளவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தட்டு நுழையாவிட்டால் 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு இரண்டு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுடலாம்.

கத்தரிக்காயை 1 சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டுங்கள். பசாரில் கிடைக்கும் நீளமான ஊதாக் கத்தரிக்காயே போதும், நீளவாக்கில் வெட்டினால் அடுக்க வசதி. உப்புத் தூவி அரை மணி நேரம் வடிதட்டில் வையுங்கள். பழைய சமையல் குறிப்புகளில் இது கசப்பு போவதற்கு என்று இருக்கும். இப்போது வருகிற காய்களில் அந்த அளவுக்குக் கசப்பு இல்லை. தண்ணீர் இறங்கவும், பஞ்சுபோல் உள்ளே இருக்கும் காற்றறைகள் அமுங்கவும்தான் இதைச் செய்கிறோம். அவை அமுங்காவிட்டால் எண்ணெயை ஊற்ற ஊற்றக் குடிக்கும். பிறகு ஈரத்தைத் துணியால் ஒற்றி, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 220 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். தோசைக்கல்லிலும் சுடலாம். துண்டு துவண்டு, ஓரம் பழுப்பாகி, விரலால் அழுத்தினால் வெண்ணெய்போல் அமுங்க வேண்டும். இன்னும் துள்ளுகிறது என்றால் வேகவில்லை.

உருளைக்கிழங்கு ஏன் வேகவில்லை என்று குழம்பியிருப்பீர்கள், அத்தனை நேரம் ஓவனில் இருந்ததே! குற்றவாளி தக்காளி. காய்கறியின் செல்களை ஒட்டிப்பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அதைச் சீக்கிரம் கரைய விடாது. சாம்பாரில் காய் வெந்தபிறகுதான் புளி கரைத்து ஊற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதே சங்கதிதான். பச்சைக் கிழங்கின்மேல் தக்காளி மசாலாவைப் பரப்பினால் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் நறுக்கென்றுதான் இருக்கும். எனவே அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, உப்புத் தண்ணீரில் 6, 7 நிமிடம் வேகவையுங்கள். கத்தி தடையில்லாமல் இறங்க வேண்டும், வில்லை உடையக்கூடாது. வடித்து, துணிமேல் பரப்பி ஆறவிடுங்கள்.

இனி இறைச்சி. முக்கால்வாசி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

உறைந்த ஆட்டிறைச்சி என்றால் முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள். சமையல் மேடையில் காலையிலிருந்து போட்டுவைப்பது நம் ஊர் வெக்கையில் ஆபத்து. இளகியதும் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். அகலமான குவாலியை நன்றாகச் சூடாக்கி, இறைச்சியை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு வதக்குங்கள். ஒரே தடவையில் கொட்டினால் குவாலியின் சூடு இறங்கி, இறைச்சி தன் தண்ணீரிலேயே வேகும், சாம்பல் நிறத்தில் நிற்கும். போட்டவுடன் கிண்டாதீர்கள். இரண்டு நிமிடம் சும்மா விட்டால் அடிப்பக்கம் பழுப்பாகும். இந்தப் பழுப்பு நிறத்தில்தான் ருசி இருக்கிறது. மிஞ்சிய கொழுப்பை ஒரு கரண்டி மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வழித்து எடுத்துவிடலாம்.

பிறகு மூன்று பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, பொடியாக நறுக்கிய ஆறு தக்காளி, இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது, ஒரு துண்டு பட்டை. கிரேக்கர்களும் இதில் பட்டை போடுகிறார்கள், அதனால் மணம் நமக்கு அந்நியமாக இருக்காது. வீட்டு இறைச்சி மசாலாத் தூள் இரண்டு தேக்கரண்டி சேர்க்கலாம். அதற்குமேல் போட்டால் வெள்ளை சாஸின் ருசி காணாமல் போகும், அதற்கு நீங்கள் மட்டன் பெரட்டலே செய்துவிடலாம். மிதமான தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வற்றவிடுங்கள். பதம் பார்க்க, மரக்கரண்டியால் குவாலியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சாறு ஓடிவந்து கோட்டை மூடினால் இன்னும் பத்து நிமிடம். கோடு அப்படியே நின்றால் அடுப்பை அணைக்கலாம். போன வருடம் உங்கள் தட்டில் நின்ற தண்ணீரில் பாதி இங்கிருந்துதான் வந்திருக்கும்.

வெள்ளை சாஸைப் பற்றி ஒரு வார்த்தை. மூசாக்கா என்றால் இது இல்லாமல் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். 1920களில் நிக்கோலாஸ் செலெமென்டிஸ் என்ற கிரேக்கச் சமையல்காரர் பிரெஞ்சு முறையை ஒட்டி இதை மேலே போட்டுப் பிரபலமாக்கினார். துருக்கிப் பக்கத்து மூசாக்காவில் இன்றும் இது இல்லை. ஆக, பால் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் தைரியமாக விட்டுவிடலாம். தேங்காய்ப்பாலில் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் செய்து பார்த்தேன், ஓவன் சூட்டில் எண்ணெய் பிரிந்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

100 கிராம் வெண்ணெயை உருக்கி, 100 கிராம் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, 1 லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கம்பி மத்தால் அடியுங்கள். கொதி வந்தபிறகும் நான்கு நிமிடம் சிறுதீயில் கிண்ட வேண்டும், அப்போதுதான் மாவு வாசனை போய் முழுசாகக் கெட்டியாகும். கஞ்சியைவிடக் கெட்டியாக, ஏறக்குறைய களிப் பதத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சற்று ஆறியதும் இரண்டு முட்டை மஞ்சள்கரு, கைப்பிடி துருவிய சீஸ், உப்பு. கடைசியாக ஜாதிக்காய். இதற்குப் பாக்கெட் தூள் வாங்காதீர்கள். பாலிக் பூலாவில் விளைகிற ஜாதிக்காயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போதோ அரைத்த தூளை எதற்குப் போடவேண்டும்? சௌராஸ்தா பசார் பக்கம் போகும்போது ஜாதிக்காய் ஊறுகாயோடு நாலு கொட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடத்துக்கு வரும்.

அடுக்கும் முறை சுலபம். அடியில் கிழங்கு, இறைச்சியிலிருந்து இறங்குகிற சாறை அது பிடித்துக்கொள்ளும். மேலே பாதிக் கத்தரிக்காய், இறைச்சி முழுவதும், மீதிக் கத்தரிக்காய், அப்புறம் சாஸ். ஒவ்வொரு அடுக்கையும் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திவிடுங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள், சாஸ் உப்பும்.

மேசை ஓவனில் மேல் கம்பி உணவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது, அதுதான் உங்களுக்குக் கருகியதன் காரணம். கீழ்த்தட்டில் வைத்து, அலுமினியத் தாளை சாஸில் ஒட்டாமல் தளர்வாக மூடி, 180 டிகிரியில் 25 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 20 நிமிடம். சின்ன ஓவன்களில் திருகில் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் கேக் செய்யவும் உதவும்.

வெளியே எடுத்தவுடன் வெட்டாதீர்கள். கொதிக்கிற சாஸ் ஓடத்தான் செய்யும். ஆறும்போதுதான் மாவும் முட்டையும் இறுகிப்பிடிக்கும். குறைந்தது 40 நிமிடம் விடுங்கள்.

இதனால்தான் முதல் நாளே செய்யச் சொல்கிறேன். விருந்துக்கு முந்தின நாள் சுட்டு, சூடு தணிந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமி வேகமாகப் பெருகும், நம் சமையலறை எப்போதும் அதற்குள்தான். மறுநாள் காலை குளிர்ந்திருக்கும்போதே கத்தியால் சதுரம் சதுரமாக வெட்டினால் கோடுபோட்ட மாதிரி வரும். துண்டுகளைத் தட்டில் சற்று இடைவெளி விட்டு வைத்து, தாளால் மூடி 170 டிகிரியில் 25, 30 நிமிடம் சூடாக்குங்கள். நடுத்துண்டின் மையத்தில் 74 டிகிரி வந்துவிட்டால் பரிமாறலாம்.

சைவம் சாப்பிடும் விருந்தாளிகளுக்கு ஒரு சின்னத் தட்டு தனியாகச் செய்ய நினைத்தால், இறைச்சிக்குப் பதில் டெம்பேயை உதிர்த்துச் சிவக்க வறுத்துப் போடுங்கள். டோஃபு போட்டால் மறுபடியும் தண்ணீர்ப் பிரச்சினை. முட்டையும் கூடாது என்றால் மஞ்சள்கருவை விட்டுவிட்டு மைதாவை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். கத்தரிக்காய் பிடிக்காத பிள்ளைகளுக்குப் பூசணி நன்றாக இருக்கும். கேமரன் மலை முட்டைக்கோஸ் என்றால் கொதிநீரில் போட்டெடுத்துப் பிழிந்த பிறகு அடுக்கலாம். பீர்க்கங்காய், சுரைக்காய் வேண்டவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கண்ணாடித் தட்டு என்றால் குளிர்பெட்டியிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள். முதலில் அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். அதேபோல் ஓவனிலிருந்து எடுத்து ஈர மேடைமேலும் வைக்கக்கூடாது. பத்து ஃபெரிங்கியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துடைக்காத மேடைமேல் நான் ஒன்றை வைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம், பன்னிரண்டு பேர் சாப்பாடும் கண்ணாடித் தூளுமாக ஒன்றாகிவிட்டது. இப்போதெல்லாம் ஓவன் கதவைத் திறப்பதற்கு முன்பே மேடையில் மடித்த காய்ந்த துணி ஒன்றை விரித்துவிடுகிறேன்.