கரையேறும் முன் வலுவிழந்த சூறாவளி, மெதுவாக நகர்ந்தால் ஏன் இவ்வளவு சேதம் விளைவிக்கிறது?

சூறாவளிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று, அதற்குள் சுழலும் காற்றின் வேகம். மற்றொன்று, அந்தச் சுழல் மொத்தமாக இடம்பெயரும் வேகம். செய்திகளில் வரும் 1 முதல் 5 வரையிலான வகை எண் முதலாவதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு மழை கொட்டும் என்பதோ பெரும்பாலும் இரண்டாவதைப் பொறுத்தது.

நானும் வகை எண்ணையே நம்பியிருந்தவன்தான். 2018 செப்டம்பரில், கடலில் 4ஆம் வகையாக மிரட்டிக்கொண்டிருந்த புளோரன்ஸ், 14ஆம் தேதி காலை அமெரிக்காவின் வட கரோலினாவில் ரைட்ஸ்வில் பீச் அருகே, மணிக்குச் சுமார் 145 கிலோமீட்டர் காற்றுடன் வெறும் முதல் வகையாகக் கரையேறியபோது, மக்கள் தப்பித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஆனால் வடக்கே நிலைகொண்டிருந்த உயர் அழுத்தம் வழிமறிக்க, தன்னை இழுத்துச் செல்லும் மேலடுக்குக் காற்று இல்லாமல், அது மறுநாள் ஆள் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்தது.

நிலத்துக்கு வந்த புயல் வலுவிழக்கும் என்பது உண்மையே. எனினும் கரையோரத்திலேயே தங்கிவிடும் புயலின் ஒரு பக்கம் வெதுவெதுப்பான கடலின் மீதே இருப்பதால், அதற்கு ஈரப்பதம் வந்துகொண்டே இருக்கிறது. மழை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே ஊர்களின் மேல் கொட்டித் தீர்க்கின்றன. புளோரன்ஸின்போது வட கரோலினாவின் எலிசபெத்டவுனில் பதிவான மொத்த மழை ஏறத்தாழ 91 சென்டிமீட்டர்.

கடலும் சும்மா இருப்பதில்லை. வேகமாகக் கடக்கும் புயல் பெரும்பாலும் ஒரே ஓர் ஓத ஏற்றத்தோடு (கடல் மட்டம் வழக்கமாக உயரும் வேளை) போய்விடும். மெதுவான புயலோ அடுத்தடுத்த ஏற்றங்களின் போதும் கடல் நீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே நிற்கும். நியூ பெர்ன் நகரில், புயலின் கண் கரையைத் தொடுவதற்கு முந்தைய இரவே, நியூஸ் ஆற்றின் வழியாக ஏறி வந்த நீர் தெருக்களை மூழ்கடித்து, நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் மீட்க வைத்தது. மழைநீர் வடிய வேண்டிய வாயையே கடல் அடைத்துக்கொண்டால், ஆறு எங்கே போகும்?

எனக்குப் புதிதாகப் பட்டது அதற்குப் பிந்தைய கட்டம்தான். காற்று ஓய்ந்து வானம் வெளுத்த பிறகும் கேப் ஃபியர் ஆறு உயர்ந்துகொண்டே போய், ஃபேயெட்வில்லில் 19ஆம் தேதிதான் உச்சத்தைத் தொட்டது. சாலைகள் மூழ்கியதால் வில்மிங்டன் தீவுபோலத் துண்டிக்கப்பட்டது. பன்றிப் பண்ணைகளின் கழிவுக் குட்டைகள் சில நிரம்பி வழிந்தன. குறைந்தது 34 லட்சம் கோழிகளும் வான்கோழிகளும் மடிந்தன. புயலால் நேரடியாக உயிரிழந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்றன்று, மழை வெள்ளம். அவர்களில் பலர் நீர் ஓடும் சாலையைக் காரில் கடக்க முயன்றவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹார்வி, டெக்சாஸின் மேல் நாள்கணக்கில் நின்று அங்குள்ள நெடர்லாந்து என்னும் ஊரில் 60.58 அங்குல (சுமார் 154 சென்டிமீட்டர்) மழையைக் கொட்டியிருந்தது. அந்த அளவைக் காட்டுவதற்கு அமெரிக்க வானிலைச் சேவை தன் வரைபடத்தில் புதிய நிறங்களையே சேர்க்க வேண்டியிருந்தது! இப்போதெல்லாம் புயல் அறிக்கையில் வகை எண்ணுக்கு முன்பாக, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகர்கிறது என்ற வரியைத்தான் தேடுகிறேன்.