டெலி லென்ஸ் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்வி பதில்

தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பலரும் ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: கேனன் 1500டி வைத்திருக்கிறேன். கேமராவோடு வந்த 55-250 லென்ஸில் வேட்டங்குடி சரணாலயத்தில் பறவைகளை எடுத்தால் கடுகு மாதிரி விழுகின்றன. 70-300 வாங்கலாமா? இல்லை, கொஞ்சம் கூடப் போட்டு 150-600 வாங்கிவிடலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: 70-300 வேண்டாம். லென்ஸ் பெயரில் இருப்பது அதன் மி.மீ. எண், அது கூடக் கூடப் பறவை பெரிதாக விழும். 250-லிருந்து 300-க்குப் போனால் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும். பணம் போகும், பறவை பெரிதாகாது.

கடைக்குப் போகும் முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பறவையின் நீளத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, பறவை இருக்கும் தூரத்தால் வகுங்கள். சென்சாரில் அது எத்தனை மி.மீ. விழும் என்று விடை வரும். நத்தைகுத்தி நாரை சுமார் 68 செ.மீ. கரையிலிருந்து 50 மீட்டரில் ஒரு மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 250 லென்ஸில் சென்சார் மேல் 3.4 மி.மீ. விழும். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மி.மீ., அதில் 6000 பிக்சல். அப்படியானால் நாரையின் பங்கு 900 பிக்சலும் சொச்சமும். 300 லென்ஸில் 1100, 400-ல் 1460, 600-ல் ஏறக்குறைய 2200. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால், இப்போது 3 அங்குலத்துக்கு வரும் பறவை 600-ல் 7 அங்குலம் தாண்டி வரும்.

நீங்கள் முக்கியமாக எடுப்பது வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்ப் பறவைகளைத்தான் என்றால் 150-600 வாங்குங்கள். சிக்மா கன்டெம்பரரி, டாம்ரான் ஜி2 இரண்டுமே உங்கள் கேமராவில் வேலை செய்யும். ஆனால் மூன்று விஷயங்களை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

முதலாவது எடை. லென்ஸ் மட்டும் 2 கிலோ. 1500டி அரைக் கிலோகூட இல்லை. அதனால் கேமராவை டிரைபாடில் மாட்டி லென்ஸைத் தொங்கவிடக் கூடாது. லென்ஸைச் சுற்றியிருக்கும் காலர் என்ற பட்டையைத்தான் டிரைபாடில் மாட்ட வேண்டும். கழுத்தில் போடும் வாரையும் கேமரா வளையத்தில் கோக்காமல் காலரில் கோத்துவிடுங்கள். கையில் பிடித்துப் பத்து நிமிடம் காத்திருப்பது சிரமம், ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது ஷட்டர் வேகம். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்பதால் 600 மி.மீ.யை 1.6-ஆல் பெருக்க வேண்டும், 960 வரும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்தால் குறைந்தது 1/1000 விநாடி வேண்டும் என்று அர்த்தம். ஸ்டெபிலைசர் போட்டு மோனோபாடில் வைத்தால் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250 போதும். பறக்கும் பறவைக்கு ஸ்டெபிலைசர் உதவாது, 1/1600-க்குக் கீழே இறங்காதீர்கள். எஃப் எண் கூடினால் லென்ஸ் திறப்பு சுருங்கி வெளிச்சம் குறையும். 600 முனையில் முழுத் திறப்பே எஃப் 6.3தான், எஃப் 8-ல் இன்னும் தெளிவு. காலை வெளிச்சத்தில் சென்சாரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 800, 1600 என்று ஏறத்தான் செய்யும். படத்தில் கொஞ்சம் குருணை விழுந்தால் பரவாயில்லை, அசைந்த படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை.

மூன்றாவது ஃபோகஸ். சிக்மா, டாம்ரான் போன்ற வெளிக் கம்பெனி லென்ஸ் சில சமயம் பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஃபோகஸ் செய்யும். 1500டி-யில் இதைத் திருத்தும் வசதி கிடையாது. அசையாத ஒரு பொருளை, டிரைபாடில் வைத்து, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஐந்து படம், பின்திரையில் பார்க்கும் லைவ் வியூவில் ஐந்து படம் எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றது மொழுமொழுவென்றும் இருந்தால் குறை ஃபோகஸ் பொருத்தத்தில் இருக்கிறது, கண்ணாடியில் இல்லை. சிக்மாவுக்கு யுஎஸ்பி டாக், டாம்ரானுக்கு டேப்-இன் கன்சோல் என்று தனியாக ஒரு கருவி விற்கிறார்கள். அதில் லென்ஸை மாட்டிக் கணினி வழியாகத் திருத்திக்கொள்ளலாம். சிக்மாவில் நான்கு ஜூம் நிலை, ஒவ்வொன்றிலும் நான்கு தூரம் என்று 16 இடங்களில் சரிசெய்யலாம். வாங்கும்போதே இதையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எந்த லென்ஸாலும் ஆகாது. வெயில் ஏறி, செம்மண் தரை சூடாகிவிட்டால் காற்றே நெளியும். தூரத்துப் பறவையின் இறகெல்லாம் கரைந்துபோகும். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடினால் கேமராவை மூடிவிட வேண்டியதுதான். விடிந்ததும் கரைக்கு வந்துவிடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் வேட்டங்குடியில் பருவம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத ஊர் கொள்ளுகுடிப்பட்டி. கிட்டத்தில் போய் எடுக்கலாம் என்று கரையை விட்டு இறங்கி, கூட்டிலிருக்கும் பறவையை எழுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: நிக்கான் டி3100 என்னுடையது. நண்பர் ஒருவர் ஏஎஃப்-பி 70-300 லென்ஸை விலைக்குத் தருகிறார். இன்னொருவரிடம் பழைய ஏஎஃப்-டி 80-200 எஃப் 2.8 இருக்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஏஎஃப்-பி லென்ஸ் டி3100-ல் மாட்டும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. வளையத்தைக் கையால் திருப்பினாலும் ஆகாது. அந்த வளையம் உள்ளேயிருக்கும் மோட்டாருக்குச் சைகை கொடுப்பதோடு சரி, அந்த மோட்டாரை இயக்க உங்கள் கேமராவுக்குத் தெரியாது. டி5100, டி90, டி7000 வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். டி3300, டி5300 போன்றவற்றுக்குக் கேமராவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் ஓடும். டி3500, டி5600, டி7500-ல் சிக்கலே இல்லை.

ஏஎஃப்-டி 80-200 நல்ல கண்ணாடி. ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது, கேமராவிலிருக்கும் மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. கையால் ஃபோகஸ் செய்து, குன்றக்குடியில் நடக்கிற மயிலை எஃப் 2.8-ல் பிடிப்பது பத்துக்கு ஒன்று தேறும் வேலை. உங்களுக்கு ஏற்றது ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும் லென்ஸ்: ஏஎஃப்-எஸ் 55-300 விஆர், அல்லது ஏஎஃப்-எஸ் 70-300 விஆர். பின்னதில் ஃபோகஸ் வேகம் கூடுதல். பழைய லென்ஸ் சந்தையில் இரண்டுமே கிடைக்கின்றன.

கேள்வி: முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவு வீடுகளில் கல்யாணப் படம் எடுக்கிறேன். கேமரா கேனன் 80டி. திருப்பூட்டும் நேரத்தில் கிட்டே போக முடிவதில்லை. 70-300 போதுமா, 70-200 எஃப் 2.8 வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உங்களுக்கு மி.மீ. குறையவில்லை, வெளிச்சம்தான் குறைகிறது. முற்றத்து வெளிச்சம் தூண் வரிசையைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பாதிக்கு மேல் மங்கிவிடும். எஃப் 5.6-ல் 1/50 கிடைக்கிற இடத்தில் எஃப் 2.8-ல் 1/200 கிடைக்கும். தாலி பூட்டும் கை அசையும்போது 1/50-ல் விரல்கள் கலைந்துதான் விழும். ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், மாப்பிள்ளை கையை நிறுத்தாது. அதனால் 70-300 வேண்டாம்.

அதற்காக உடனே 70-200 எஃப் 2.8-க்கும் போய்விடாதீர்கள். முதலில் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, இடுப்புக்கு மேல் சுமார் 90 செ.மீ. உயரம் படத்தில் வர வேண்டும் என்றால், 80டி-யில் 85 மி.மீ. லென்ஸுக்கு மூன்றரை மீட்டர் தூரம், 200 மி.மீ.க்கு 8 மீட்டர். சொந்தக்காரர்கள் சூழ நிற்கிற வளவில் 8 மீட்டர் பின்னால் போனால் முன்னால் பத்துத் தலை வந்துவிடும். மூன்று நான்கு மீட்டரில் இடம் பிடிக்க முடிகிறவர்களுக்கு 85 மி.மீ. எஃப் 1.8 போதும். விலையும் எடையும் பல மடங்கு குறைவு, 2.8-ஐ விட வெளிச்சமும் இரண்டு மடங்குக்கு மேல். மண்டபத்தில் மேடைக்குக் கீழே நின்று எடுப்பவர்களுக்குத்தான் 70-200 எஃப் 2.8 காசுக்குத் தகும். எஃப் 4 மாடல் எடையில் ஏறக்குறைய பாதி, பகல் நேர அழைப்பு ஊர்வலத்துக்கு அருமை. ஆனால் உங்கள் குறை அதில் தீராது.

சீரியல் விளக்கும் எல்இடியும் இருக்கும் இடத்தில் 80டி-யின் ஆன்ட்டி ஃபிளிக்கரைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் ஒன்று இருட்டாகவும் வரும்.

கேள்வி: கானாடுகாத்தான், கோட்டையூர் வீடுகளின் முகப்பு உச்சியில் இருக்கும் சுதைச் சிற்பங்களை எடுக்க 400 மி.மீ. லென்ஸ் தேவையா? இப்போது இருப்பது 55-250.
– வாசகர், புதுவயல்

பதில்: தேவையில்லை. சிற்பம் 12 மீட்டர் உயரத்தில் இருந்து, நீங்கள் தெருவில் 15 மீட்டர் தள்ளி நின்றால், சாய்வாக அளந்தால் தூரம் 19 மீட்டருக்குள்தான். ஒரு மீட்டர் உயரக் கஜலட்சுமி 250 லென்ஸில் சென்சார் மேல் 13 மி.மீ. விழுவாள். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் படத்தில் பாதிக்கு மேல் அவளே.

படம் கெடுவது வேறு காரணங்களால். வீட்டுக்கு அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் சிற்பத்தின் மோவாயும் கீழ்த்தட்டும்தான் தெரியும். பின்னால் போங்கள். 10 மீட்டரில் நின்றால் கேமரா 45 டிகிரிக்கு மேல் நிமிர வேண்டும், 30 மீட்டரில் 20 டிகிரிகூட வேண்டாம். செட்டிநாட்டுத் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருப்பது இதற்கு வசதி. அவ்வளவு தூரம் பின்னால் போகத் தெருவில் இடமிருந்து, அப்போதும் உருவம் பெரிதாக வேண்டும் என்றால் மட்டும் 400 பற்றி யோசிக்கலாம்.

டிரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசரை அணைத்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100, லைவ் வியூ, 2 விநாடி டைமர். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் சிற்பம் கறுத்துவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டுங்கள். உச்சி வெயிலில் சுதையின் மேடுபள்ளம் செத்துப்போகும். பக்கவாட்டிலிருந்து வெயில் விழும் காலையிலோ மாலையிலோ போங்கள்.

கேள்வி: சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு 150-600 கொண்டுபோகலாமா?
– வாசகர், கண்டரமாணிக்கம்

பதில்: 100-400 இதைவிட நல்லது. பொட்டலில் மாடு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. 150-ல் தொடங்கும் லென்ஸ் கிட்டே வரும் மாட்டுக்குக் கொள்ளாது. சிக்மா 100-400 எடை 1.16 கிலோ, கேலரியில் உட்கார்ந்து கையிலேயே பிடிக்கலாம். ஷட்டர் 1/1250 அல்லது அதற்கு மேல். பொட்டலில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது, செம்மண் நேராக சென்சாரில் போய் உட்காரும். ஜூம் நீட்டிச் சுருக்கும்போதும் தூசி உள்ளே இழுக்கும். அன்று மட்டும் நல்ல ஃபில்டர் ஒன்று முன்னால் இருக்கட்டும். மலிவான ஃபில்டர் டெலி லென்ஸின் கூர்மையைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் ப்ளோயரால் ஊதி, பிறகு மென்மையான பிரஷ், துணி கடைசியில்தான். மணலோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும்.

கேள்வி: பழைய டெலி லென்ஸ் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– பள்ளத்தூர், ஆத்தங்குடி, செக்காலை வாசகர்கள்

பதில்: முதலில் செல்போன் டார்ச். இரண்டு மூடியையும் கழற்றி, லென்ஸ் திறப்பான அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்து, பின்பக்கம் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். நாலைந்து தூசி இருந்தால் ஒன்றும் ஆகாது. வேர் போலக் கிளை விட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். கண்ணாடி முழுக்கப் பால் படிந்தது போல மங்கல் இருந்தாலும் அப்படியே. அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் அவை ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும்.

அடுத்து உங்கள் கேமராவில் மாட்டுங்கள். ஜூமின் கடைசி முனையில், கிட்டத்திலிருந்து தூரத்துக்கு நாலைந்து முறை ஃபோகஸ் ஓட்டுங்கள், நடுவில் தயங்கக் கூடாது. ஸ்டெபிலைசர் போட்டால் மெல்லிய உறுமல் சகஜம், ஆனால் வியூஃபைண்டரில் படம் துள்ளக் கூடாது. பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக எடுத்து நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மங்கினால் லென்ஸ் கீழே விழுந்து உள்ளே அச்சு விலகியிருக்கலாம். பில்லிலிருக்கும் சீரியல் எண்ணும் லென்ஸ் மேலிருப்பதும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

வாங்கியபின் லென்ஸோடு வரும் உறையில் அடைத்துப் பீரோவில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்க அது போதும். ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம்.

கேள்வி: லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி மி.மீ.யை 1.4 மடங்காக்கும் கன்வெர்ட்டரை 55-250-ல் போட்டால் காசு மிச்சமாகுமே?
– வாசகர், கண்டனூர்

பதில்: ஆகாது. கேனன் கன்வெர்ட்டர் அந்த லென்ஸில் மாட்டவே மாட்டாது. வேறு கம்பெனியுடையது மாட்டினாலும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போய், எஃப் 5.6 எஃப் 8 ஆகிவிடும். எஃப் 8-ல் 1500டி, 200டி போன்றவை வியூஃபைண்டரில் ஒழுங்காக ஆட்டோஃபோகஸ் செய்யாது.

கேள்வி: எல்லாரும் மிரர்லெஸ் வாங்குகிறார்கள். இப்போது கேனன் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வாங்கினால் பின்னால் வீணாகிவிடாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வீணாகாது. டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸ்கள் கேனனின் அடாப்டரில் அதன் மிரர்லெஸ்ஸான ஆர் வரிசைக் கேமராக்களில் ஆட்டோஃபோகஸோடு ஓடும். சிக்மா, டாம்ரான் லென்ஸ் என்றால் அந்தந்தக் கேமராவில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சிலவற்றுக்கு ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆர் வரிசைக்கான ஆர்எஃப் லென்ஸ் மட்டும் டிஎஸ்எல்ஆரில் மாட்டாது. ஒரு வருடத்துக்குள் கேமராவையே மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போது லென்ஸ் வாங்காமல் பொறுத்திருங்கள். ஆர்எஃப் 100-400 எடை 635 கிராம்தான். 400 முனையில் எஃப் 8 என்பதால் விடியற்காலைக்கும் வளவுக்கும் சரிப்படாது. வெயிலடிக்கும் கண்மாய்க்கரையில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்கலாம்.