அடியில் படிந்தால் கெட்டுப்போன மருந்தா?

வணக்கம். பாராசிட்டமால் 250 பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, குலுக்காமல் இரண்டு வேளை கொடுத்தும் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்கிறீர்கள். மருந்து கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. லேபிளைப் பாருங்கள், ‘சஸ்பென்ஷன்’ என்றிருக்கும்; அதாவது, மருந்து முழுதும் கரையாமல் தூளாக மிதக்கும் திரவம்.

சாதாரண வெப்பத்தில் 1 மி.லி. தண்ணீரில் பாராசிட்டமால் ஏறக்குறைய 14 மி.கி.தான் கரையும். உங்கள் மருந்தில் 5 மி.லி.க்கு 250, அதாவது மி.லி.க்கு 50 மி.கி. மிச்சம் எங்கே போகும்? தூளாக மிதந்து, மெல்ல அடியில் இறங்கும். நீங்கள் மேலாக ஊற்றியதில் மருந்து குறைவாக இருந்திருக்கலாம். வில்லங்கம் என்னவென்றால், இப்போது மிச்சமிருப்பதில் அளவு கூடுதல். விலை பெரிதில்லை, புதுப் பாட்டில் வாங்கிவிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கி, பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். கட்டி ஒட்டியிருந்தால் மறுபடி குலுக்குங்கள். அப்படியும் கலையாவிட்டால் வேண்டாம். சமையலறை ஸ்பூனும் வேண்டாம், கூடவே வரும் மூடியில் அளந்து கொடுங்கள்.

அப்புறம், விட்டதை ஈடுகட்ட கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடர்ந்தால் இன்றே காட்டிவிடுங்கள்.