மலையாளத்திலிருந்து தமிழுக்கு வந்த படங்களில் நடிகர் தேர்வு எங்கே சரியாக அமைந்தது, எங்கே சறுக்கியது?

தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் பாதி மலையாளம். மூலத்தையும் மறுஆக்கத்தையும் சேர்த்தே பார்க்கிற ஊர் என்பதால் மோகன்லாலா, கமல்ஹாசனா என்ற சண்டை டீக்கடையில் ஓய்வதே இல்லை. அந்தச் சண்டையில் நான் சேர்வதில்லை. நாயகன் மாறினால் படம் கெட்டுவிடாது. கூட நிற்கிற பாத்திரத்துக்கு யாரைப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் மறுஆக்கம் நிற்பதும் விழுவதும்.

சரியாக அமைந்ததற்கு முதல் உதாரணம் பத்மினி. ஃபாசில் 1984-இல் எடுத்த 'நோக்கெத்தா தூரத்து கண்ணும் நட்டு' படத்தை அவரே மறு ஆண்டு 'பூவே பூச்சூடவா' ஆக்கியபோது பாட்டி வேடத்துக்கு மறுபடி பத்மினி, பேத்திக்கு மறுபடி நதியா. திருவனந்தபுரத்தில் பிறந்து தமிழில் கொடிகட்டிப் பறந்தவர் பத்மினி. இரண்டு பக்கத்துக்கும் அவர் வீட்டு மனுஷி. அழைப்பு மணியை மறுபடி மாட்டுகிற இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். வேறு யாரை வைத்தும் அதை யோசிக்க முடியவில்லை.

'மணிச்சித்ரதாழ்' (1993), அதன் தமிழ் வடிவம் 'சந்திரமுகி' (2005) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மலையாள மூலத்தில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் எனக்கு மறுபேச்சே இல்லை. அவர் தன்னையே நாகவல்லியாக நினைத்துக்கொள்வாரே, அந்த நாகவல்லி தமிழ் பேசுவாள் என்பது எங்கள் பக்கத்தில் தனிப் பெருமை.

சறுக்கியது என்றால் 'கிரீடம்'. சிபி மலயில் இயக்கி, லோகிததாஸ் எழுதிய 1989 படத்தில் திலகன் ஒரு சாதாரண போலீஸ்காரர். மகன் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்ற ஒரே ஆசை. கடைசியில் கத்தியோடு நிற்கும் மகனிடம் அதைக் கீழே போடச் சொல்லிக் கெஞ்சும்போது காக்கிச் சட்டைக்குள் ஓர் அப்பன் மட்டும்தான் மிச்சம். 2007-இல் தமிழில் அந்த வேடம் ராஜ்கிரணுக்குப் போனது. ராஜ்கிரண் எனக்கு மிகவும் பிடித்த நடிகர். ஆனால் அவர் நின்றாலே பத்து பேரைச் சமாளித்துவிடுவார் என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. கையாலாகாத அப்பா என்ற நினைப்பு அங்கேயே போய்விட்டது.

ஆனால் என் மனசில் அதிகம் நிற்பது கான்ஸ்டபிள்தான். 'த்ருஷ்யம்' (2013) படத்தின் கான்ஸ்டபிள் சகதேவனாக ஜீத்து ஜோசப் தேர்ந்தெடுத்தது கலாபவன் ஷாஜோனை. அதுவரை அவரைச் சிரிப்பு நடிகராகத்தான் தெரியும். திரையில் வந்ததும் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் நாங்கள். அந்த ஆள் விசாரணை என்ற பெயரில் சின்னப் பெண்ணை அடிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. நம்பிய முகம் திரும்பிக்கொண்டால் வருகிற பயம் அது.

அதே இயக்குநர்தான் 2015-இல் அதைத் தமிழில் 'பாபநாசம்' என்று எடுத்தார். ஐ.ஜி.யாக ஆஷா சரத்தை அப்படியே கொண்டுவந்தார், சரியான முடிவு. கமலின் நெல்லைப் பேச்சும் படத்துக்கு அந்த ஊர் மண்ணைக் கொடுத்தது. கான்ஸ்டபிள் பெருமாளாக கலாபவன் மணி. மணி பெரிய நடிகர், சந்தேகமே வேண்டாம். ஆனால் 'ஜெமினி' (2002) பார்த்த தமிழ் ரசிகனுக்கு அவர் அறிமுகமானதே வில்லனாக. பெருமாள் உள்ளே வந்ததும் இவன் கெட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. அடி விழும்போது கோபம் வருகிறது, அதிர்ச்சி வருவதில்லை.

சரி, வேறு யார் என்று கேட்பீர்கள். அதே படத்தில் டீக்கடை பாயாக வருகிறாரே எம்.எஸ். பாஸ்கர், அவருக்குக் காக்கி மாட்டியிருக்க வேண்டும். தமிழ் வீடுகளில் எல்லோரையும் சிரிக்கவைத்த முகம், அழவைக்கவும் தெரிந்த நடிகர். அவர் கை ஓங்கியிருந்தால் தமிழ் ரசிகனுக்கும் வயிறு பிசைந்திருக்கும்.